மறதி நோயாளர் இல்லங்களில் மனநல மருந்துகள்

முதியோர் இல்லங்களில் வாழும் மறதி நோயாளர்கள் கத்துவது, அலைவது, அடிப்பது, இரவில் உறங்காமல் இருப்பது போன்ற நடத்தைகளைக் காட்டும்போது, அவற்றைத் தணிக்க மனநல மருந்துகள் கொடுக்கப்படுவது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். இம்மருந்துகள் சிலருக்குச் சில சூழல்களில் தேவைப்படுகின்றன. ஆனால் காரணத்தைத் தேடாமல், கால வரம்பு இல்லாமல் கொடுக்கப்படும்போது அவை முதியவரின் நடையையும் பேச்சையும் விழிப்பையும் பறிக்கின்றன; ஆயுளையும் குறைக்கக்கூடும். இக்கட்டுரை அம்மருந்துகளின் இயல்பு, தீங்கு, மாற்று வழிகள், சட்ட நிலை ஆகியவற்றைத் தாம்பரம், இரும்புலியூர் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ச் சூழலை முன்வைத்து விளக்குகிறது.

மறதி நோயும் தவிப்பு நடத்தைகளும்

மருத்துவர்கள் டிமென்ஷியா என்று குறிப்பிடும் மறதி நோய், ஒரு தனி நோயன்று. மூளையைப் படிப்படியாகச் சிதைக்கும் பல நோய்களுக்கான பொதுப் பெயர் அது. அல்சைமர் நோய், மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பால் வரும் மறதி நோய், லூயி உடல் மறதி நோய் ஆகியவை அதன் முக்கிய வகைகள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முதியோர் 10.4 விழுக்காடு. பிறப்பு விகிதம் குறைந்த மாநிலம் என்பதால் இப்பங்கு தொடர்ந்து உயர்ந்து வருகிறது.

பெயரில் மறதி இருந்தாலும், குடும்பத்தாரைத் தளரச் செய்வது பெரும்பாலும் மறதியன்று. அதனுடன் வரும் நடத்தை மாற்றங்களே. ஒரே கேள்வியை நூறு முறை கேட்பது, மாலையானதும் பதறுவது, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கதவைத் தட்டுவது, குளிக்க மறுத்துக் கையை ஓங்குவது, நகையைத் திருடிவிட்டார்கள் என்று குற்றஞ்சாட்டுவது, இல்லாதவர்களைக் காண்பது ஆகியவை இதில் அடங்கும். மறதி நோயாளர்களில் மிகப் பெரும்பாலோர் நோயின் ஏதேனும் ஒரு கட்டத்தில் இவற்றுள் ஒன்றையேனும் காட்டுவர். முன்பு இவை வெறும் நோய்க்குறிகளாகக் கருதப்பட்டன. இன்று, சொல்லத் தெரியாத துன்பத்தின் வெளிப்பாடாகவும் இவற்றைப் பார்க்கிறார்கள். அதனால் "தவிப்பு நடத்தை" என்பதே பொருத்தமான பெயராகும்.

புறநகர் இல்லங்களின் சூழல்

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே உள்ளது இரும்புலியூர். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதன் பகுதியானது. நகரத்தைவிடக் குறைந்த வாடகை, அருகில் மருத்துவமனைகள், ரயில் வசதி, விமான நிலையம் ஆகியவை இருப்பதால் இப்புறநகர்ப் பகுதி முதியோர் இல்லங்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. அறக்கட்டளை இல்லங்களும், கட்டணம் பெறும் இல்லங்களும், குடியிருப்பு வீட்டையே மாற்றியமைத்து நடத்தப்படும் சிறு இல்லங்களும் இதில் உண்டு. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் இங்கே தங்குகிறார்கள்.

இத்தகைய இல்லங்களில் இரவுப் பணிக்கு ஓரிருவரே இருப்பது வழக்கம். அவர்களில் பலர் மறதி நோய் பற்றிப் பயிற்சி பெறாதவர்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்து இப்போதுதான் தமிழ் கற்றுக்கொள்பவர்களும் இருப்பார்கள். ஒருவர் இரவு முழுதும் கத்தினால் மற்ற முதியோர் உறங்க முடியாது; மறுநாள் அவர்களின் குடும்பத்தார் முறையிடுவார்கள். இந்த நெருக்கடியில்தான் "டாக்டரிடம் சொல்லி ஒரு மாத்திரை எழுதி வாங்குங்கள்" என்ற பேச்சு எழுகிறது. பெரும்பாலும் இதில் கொடுமை நோக்கம் ஏதும் இருப்பதில்லை. ஆள் பற்றாக்குறைக்கு மாத்திரை ஈடாகிவிடுகிறது என்பதே உண்மை.

எடுத்துக்காட்டாக ஒரு சூழலைக் கருதலாம். ரயில்வேயில் இரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இல்லத்தில் இருக்கிறார். நாள்தோறும் மாலை 5 மணிக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். "டியூட்டிக்கு நேரமாச்சு" என்கிறார். பணியாளர் வழி மறிக்கிறார்; அவர் தள்ளுகிறார். பதிவேட்டில் "முரட்டுத்தனம்" என்று எழுதப்படுகிறது. மாத்திரை தொடங்குகிறது. இரண்டு வாரத்தில் அவர் அமைதியாகிவிடுகிறார்; கூடவே நடையும் தடுமாறுகிறது, உணவு புரையேறுகிறது, பகலெல்லாம் உறங்குகிறார். இல்லத்துக்குப் பிரச்சினை தீர்ந்தது. அவருக்குத் தீர்ந்ததா என்பதே இத்தலைப்பின் மையக் கேள்வி.

கொடுக்கப்படும் மருந்துகள்

இவற்றைப் பேச்சு வழக்கில் "தூக்க மாத்திரை" என்று ஒரே பெயரில் சொல்வார்கள். உண்மையில் இவை பல வகைப்படும்.

மனநோய் எதிர்ப்பு மருந்துகள்: ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குவெட்டியாபின் முதலியன. இவை மனச்சிதைவு நோய் போன்றவற்றுக்காக உருவாக்கப்பட்டவை. மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கின்றன.

பென்சோடயசெபின் வகை: அல்பிரசோலாம், லோரசெபாம், குளோனசெபாம், டயசெபாம் முதலியன. பதற்றத்தைத் தணித்து உறக்கம் தருபவை. முதியோரிடம் இவை குழப்பத்தைக் கூட்டி, கீழே விழச் செய்கின்றன. சிலரிடம் நேர்மாறாகக் கிளர்ச்சியையும் தூண்டுகின்றன.

மனச்சோர்வு நீக்கிகள்: உண்மையான மனச்சோர்வு இருந்தால் கருதத்தக்கவை. கிளர்ச்சியைத் தணிப்பதற்காக மிர்டாசபின் கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு (2021), வெற்று மாத்திரையைவிட அது மேலானதன்று என்று கண்டது.

வலிப்பு மருந்துகள்: வால்புரோயேட் போன்றவை சில வேளைகளில் எழுதப்படுகின்றன. மறதி நோயாளரின் கிளர்ச்சிக்கு அவை பயன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

ஒவ்வாமை மருந்துகள்: சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் சில பழைய மருந்துகள் உறக்கத்தைத் தருவதால் அதற்காகவே பயன்படுத்தப்படுவதும் உண்டு. நினைவுக்குத் தேவையான அசிடைல்கோலின் என்னும் வேதிப்பொருளை இவை தடுக்கின்றன. ஏற்கெனவே அது குறைந்திருக்கும் மூளையில் இது தீயில் எண்ணெய் ஊற்றுவது போன்றது.

தீங்குகள்

முதியவரின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். இளையவருக்கு ஏற்ற அளவு அவர் உடலில் தேங்கிவிடும். டோபமின் தடைபடுவதால் உடல் விறைப்பு, கை நடுக்கம், குறுநடை, விழுங்குவதில் சிரமம் ஆகியவை வரும். விறைப்பைப் போக்க டிரைஹெக்சிபெனிடில் என்ற இன்னொரு மாத்திரை சேர்க்கப்படும். அது அசிடைல்கோலினைத் தடுப்பதால் குழப்பமும் மலச்சிக்கலும் சிறுநீர்த் தேக்கமும் கூடும். அந்தக் குழப்பத்துக்கு முதல் மருந்தின் அளவு உயர்த்தப்படும். இப்படி ஒரு மருந்தின் தீங்கைப் புதிய நோயாகக் கருதி அடுத்த மருந்தைச் சேர்க்கும் சங்கிலியே பல முதியோரின் மாத்திரைப் பெட்டியை நிரப்புகிறது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம், 17 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்து, 2005இல் புதிய வகை மனநோய் எதிர்ப்பு மருந்துகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. ஏறத்தாழ 10 வார ஆய்வுக் காலத்தில், வெற்று மாத்திரை பெற்ற மறதி நோயாளர்களில் 2.6 விழுக்காட்டினர் இறந்தனர். மருந்து பெற்றவர்களில் 4.5 விழுக்காட்டினர் இறந்தனர். இதய நோய், நுரையீரல் அழற்சி போன்றவை இறப்புக்கு முக்கியக் காரணங்கள். 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை நீட்டிக்கப்பட்டது.

நீண்டகாலப் பயன்பாட்டின் விளைவை ஒரு பிரித்தானிய ஆய்வு காட்டியது. பராமரிப்பு இல்லங்களில் ஏற்கெனவே இம்மருந்துகளை உட்கொண்டு வந்த 165 அல்சைமர் நோயாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தைத் தொடர்ந்தனர். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்தனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 46 விழுக்காட்டினரும், நிறுத்தியவர்களில் 71 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். இது 2009இல் வெளியானது. இங்கிலாந்தில் 1,73,910 மறதி நோயாளர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, நுரையீரல் அழற்சியின் அபாயம் இரு மடங்கானதையும், பக்கவாதம், எலும்பு முறிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றின் அபாயம் கூடியதையும் கண்டது.

லூயி உடல் மறதி நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. தெளிவான காட்சிகளாக ஆட்களையும் விலங்குகளையும் காண்பது அந்நோயின் அடையாளம். அதைக் கண்டு ஹாலோபெரிடால் கொடுத்தால் கடும் விறைப்பும் மயக்கமும் ஏற்பட்டு உயிரிழப்பு வரை போகலாம். எனவே மருந்து தொடங்கும் முன் எவ்வகை மறதி நோய் என்று அறிவது கட்டாயமாகும்.

காபியில் கலந்து கொடுப்பது

மாத்திரையை மறுப்பவருக்கு, ஹாலோபெரிடால் போன்ற மருந்தின் சொட்டு வடிவம் காபியிலோ தயிர் சாதத்திலோ கலக்கப்படுவதுண்டு. உயிர் காக்கும் மருந்துக்கு இது வேறு வழியின்றிச் செய்யப்படலாம். ஆனால் மருத்துவருக்கும் குடும்பத்தாருக்கும் தெரியாமல் செய்வது ஆபத்தானது. குடித்த அளவு யாருக்கும் தெரியாது. முதியவர் சுவையில் ஐயம் கொண்டால் உணவையே மறுக்கத் தொடங்குவார். பிறகு அந்த ஐயமே "சந்தேக நோய்" என்று பதிவாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம், இல்லவாசிகளை ஒழுங்குக்காகவோ பணியாளர் வசதிக்காகவோ மருந்தால் அடக்குவதைத் தடை செய்தது. இதை "வேதித் தளை" என்று சொல்லலாம். ஆயினும் 2011இன் இறுதியில் அந்நாட்டு இல்லங்களில் நீண்டகாலம் தங்கியிருந்தவர்களில் 23.9 விழுக்காட்டினர் மனநோய் எதிர்ப்பு மருந்து பெற்றுவந்தனர். 2012இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் இது ஏறத்தாழ 15 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் மனச்சிதைவு நோயாளர்கள் அக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. இதைப் பயன்படுத்திச் சில இல்லங்கள் முதியோருக்கு அந்நோய் இருப்பதாகப் பொய்யாகப் பதிந்ததை 2021இல் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. எண்ணைக் குறைப்பதும் துன்பத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது பாடம்.

இங்கிலாந்தில் பேராசிரியர் சூப் பானர்ஜி 2009இல் அரசுக்கு அளித்த அறிக்கை, ஆண்டுக்கு 1,80,000 மறதி நோயாளர்கள் இம்மருந்துகளைப் பெறுவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 36,000 பேருக்கு மட்டுமே ஓரளவு பயன் கிட்டுவதாகவும், ஆண்டுக்கு 1,800 கூடுதல் இறப்புகள் நேரக்கூடும் என்றும் மதிப்பிட்டது. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பு பற்றிய அரச ஆணையத்தின் 2019 இடைக்கால அறிக்கையும் மருந்தால் அடக்கும் வழக்கத்தைக் கண்டித்தது.

முதலில் தேட வேண்டிய காரணங்கள்

நடத்தை திடீரென, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மாறினால் அது மறதி நோயின் வளர்ச்சியன்று. உடல்நலக் கேட்டால் வந்த கடுங்குழப்பமாக இருக்கலாம். சிறுநீர்த்தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை தாழ்தல் ஆகியவை வழக்கமான காரணங்கள். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழோ மின்வெட்டிலோ இருக்கும் முதியவர் தண்ணீர் கேட்கத் தெரியாமல் பதறுவார். அவருக்கு வேண்டியது உறக்க மாத்திரையன்று, மருத்துவப் பரிசோதனையும் தண்ணீரும்தான்.

அடுத்தது வலி. மூட்டுவலி, பல்வலி, படுக்கைப்புண், மலச்சிக்கல் ஆகியவற்றை நோயாளி சொல்லமாட்டார், தொடும்போது அடிப்பார். நார்வேயில் 18 இல்லங்களைச் சேர்ந்த 352 மறதி நோயாளர்களிடம் நடத்திய ஆய்வில் (2011), பெரும்பாலும் பாராசிட்டமாலில் தொடங்கி முறைப்படி வலி மருந்து கொடுத்த குழுவில் கிளர்ச்சி 8 வாரத்தில் 17 விழுக்காடு குறைந்தது. மனநல மருந்துக்குக் கைநீட்டும் முன் வலியைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று.

மூன்றாவது, புலன்களும் சூழலும். காதில் அழுக்கு அடைத்திருப்பது, மூக்குக்கண்ணாடி மாறிப்போயிருப்பது, மாலை வெளிச்சக் குறைவு, ஓயாத தொலைக்காட்சி ஆகியவை பதற்றத்தைத் தூண்டும். குளியலின்போது வரும் சண்டைக்குப் பெரும்பாலும் கூச்சமே காரணம். வாழ்நாள் முழுதும் புடவை கட்டிய பாட்டியை வசதிக்காக நைட்டியில் நிறுத்துவதும், அறிமுகமில்லாதவர் உடையைக் களைவதும் அவருக்கு அவமானம். நினைவு போனாலும் மானம் போவதில்லை.

மருந்தில்லா வழிகள்

தவிப்பு நடத்தையை அணுக எளிய முறை, ஒரு குறிப்பேட்டில் மூன்றை எழுதுவதாகும்: நடத்தைக்கு முன் என்ன நடந்தது, சரியாக என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம். ஒரு வாரம் எழுதினால் ஒழுங்கு தென்படும். மேற்சொன்ன ரயில்வேக்காரரின் பதற்றம் 5 மணிக்கு மட்டும் வருகிறது என்று தெரிந்துவிட்டால், 4.30 மணிக்கே ஒரு டீ கொடுத்து, அவருடைய பணி அனுபவத்தைக் கேட்டபடி வளாகத்தைச் சுற்றி ஒரு நடை அழைத்துச் செல்லலாம். "உங்களுக்கு டியூட்டி இல்லை, ரிட்டயர் ஆகி இருபது வருஷமாச்சு" என்று வாதிடுவது பயன் தராது. "இன்னைக்கு வார ஓய்வுங்க ஐயா" என்ற சொல் சிலரிடம் போதும்.

கீரை ஆய்வது, பூத் தொடுப்பது, துணி மடிப்பது, கோலப் பயிற்சி, பழகிய பக்திப் பாடல்கள், பழைய திரைப்பாடல்கள் ஆகியவை பலருக்குப் பொருந்தும். ஆனால் எல்லோருக்கும் ஒரே பாட்டு என்பது சரியன்று. அவர் கோயிலுக்குப் போனவரா, தேவாலயத்துக்கா, பள்ளிவாசலுக்கா, கட்சிக் கூட்டத்துக்கா என்பதை அறிந்து செய்ய வேண்டும். இதற்காகவே சேர்க்கையின்போது ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பத்தார் எழுதிக் கொடுப்பது நல்லது. எப்பெயரில் அழைத்தால் திரும்புவார், என்ன வேலை பார்த்தார், எதற்கு அஞ்சுவார், காபியா டீயா என்ற அளவில் அது இருந்தால் போதும்.

சென்னையில் நடந்துள்ள பணிகள்

இத்துறையில் தமிழகத்துக்கு நல்ல அடித்தளம் உண்டு. மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நாட்டின் முதல் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். வளரும் நாடுகளில் மறதி நோயை ஆராயும் "10/66" ஆய்வுக் குழு 1998இல் கொச்சியில் உருவானது. மறதி நோயாளர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாக இருந்தன.

மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளை, டெம்கேர்ஸ் என்ற பெயரில் மறதி நோய்ப் பராமரிப்புப் பணியையும் நடத்துகிறது. இங்கிலாந்தில் உருவான "அறிவுத்திறன் தூண்டல் பயிற்சி" என்ற குழுப் பயிற்சியைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்தது இந்நிறுவனம். வாரம் இரு முறையாக 7 வாரங்களில் 14 அமர்வுகள் கொண்ட இப்பயிற்சி, மிதமான நிலையில் உள்ளவர்களின் சிந்தனைத் திறனையும் வாழ்க்கைத் தரத்தையும் மேம்படுத்தும் நோக்கம் உடையது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எளிதில் செல்லக்கூடிய அரசு மருத்துவமனை இது.

மருந்து தேவைப்படும் நிலை

மருந்தே கூடாது என்பதும் தவறு. நோயாளியோ பிறரோ காயப்படும் ஆபத்து, அச்சுறுத்தும் பிரமைகளால் அவரே பெரிதும் துன்புறுதல், பிற வழிகள் பலனளிக்காமை ஆகிய நிலைகளில் மருத்துவர் மருந்து தொடங்கலாம். பிரித்தானியா போன்ற நாடுகளில் அல்சைமர் நோயாளரின் தொடர்ச்சியான கடும் முரட்டுத்தனத்துக்கு, 6 வாரம் வரை, ரிஸ்பெரிடோனுக்கு அனுமதி உண்டு. 2023 மே மாதம் அமெரிக்கா பிரெக்ஸ்பிப்ரசோலை அல்சைமர் கிளர்ச்சிக்கு அனுமதித்தது. அதிலும் இறப்பு அபாய எச்சரிக்கை இடம்பெற்றுள்ளது.

முறையான பயன்பாட்டின் விதிகள் நான்கு. மிகக் குறைந்த அளவில் தொடங்குதல். எந்த நடத்தைக்காக என்று எழுதிவைத்தல். 4 வாரத்தில் பயன் இல்லையெனில் குறைத்து நிறுத்துதல். பயன் இருந்தாலும் 4 மாதங்களுக்குள் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தல். பின்னிரண்டும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல்கள். அலைதல், ஒரே கேள்வியைக் கேட்டல், பொருளைப் பதுக்குதல் ஆகியவற்றுக்கு இம்மருந்துகள் பயன்படா. முக்கியமாக, இக்கட்டுரையைப் படித்து எவரும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

சட்ட நிலை

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நினைவையும் திசையறிவையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க ஒருவரை முன்கூட்டியே பிரதிநிதியாக நியமிக்கவும், தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று எழுதிவைக்கவும் அது வழி செய்கிறது. மறதி நோயின் தொடக்கத்திலேயே இதைச் செய்வது நல்லது. மனநல நிறுவனங்களில் உடலைக் கட்டுவதும் தனியே அடைப்பதும் தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ செய்யப்படக் கூடாது என்கிறது 97ஆம் பிரிவு. மாத்திரையால் கட்டிப்போடுவதற்கும் அதே நியாயம் பொருந்தும்.

இம்மருந்துகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. அல்பிரசோலாம், டயசெபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் உள்ளன. விற்பவர் நோயாளி, மருத்துவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

குடும்பத்தார் கேட்க வேண்டியவை

1. இம்மாத்திரை எந்த நடத்தைக்காக? அந்நடத்தை எப்போதெல்லாம் வருகிறது?
2. வலி, தொற்று, மலச்சிக்கல், நீரிழப்பு ஆகியவை பரிசோதிக்கப்பட்டனவா?
3. எழுதியவர் எந்த மருத்துவர்? நேரில் பார்த்தாரா?
4. எத்தனை நாளுக்கு? மறு ஆய்வுத் தேதி என்ன?
5. தொடங்கிய பின் நடை, விழுங்குதல், பகல் உறக்கம் ஆகியவற்றில் மாற்றம் உண்டா?
6. அதே சமயம் வேறு எந்தெந்த மாத்திரைகள் தரப்படுகின்றன?

பார்க்கச் செல்லும்போது ஞாயிறு காலையில் மட்டுமன்றி, ஒரு முறை மாலையிலும் செல்வது பல கேள்விகளுக்கு விடை தரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் காணொலி அழைப்பில் முகத்தை மட்டும் பார்க்காமல், நாலடி நடந்து காட்டச் சொல்லலாம்.

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

ஒரு முதியவர் அமைதியாகிவிட்டார் என்று இல்லத்தினர் சொல்லும்போது, அவர் ஆறுதல் அடைந்ததால் அமைதியா, மருந்தால் அடங்கியதால் அமைதியா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆறுதல் அடைந்தவர் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார்.